சூம்பிய கைகளை நிமிர்த்திய மருத்துவர்



எங்கள் தச்சநல்லூரில், நான் குடியிருக்கும் தெருவில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். கோடை விடுமுறையில் வேப்ப மரத்தில் ஏறி விழுந்து இடது கையை ஒடித்துக்கொண்டான். மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்த அன்று மாலை, என் வீட்டுத் திண்ணைக்கு ஓடி வந்தான். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டிக் காட்டினான். வலது கை எப்போதும்போல இருந்தது. இடது கையோ மெலிந்து முருங்கைக்காய் போல இருந்தது. தன் கை சூம்பிப் போய்விட்டதே, இனிமேல் கிரிக்கெட் ஆடவே முடியாதா என்று கேட்டுக் கண் கலங்கினான்.

பயப்படாதே என்று அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். நம் தசைகள் உழைத்தால்தான் பருமனாக இருக்கும். சும்மா கிடக்கும் தசைக்கு உடம்பு அதிகமாகச் செலவு செய்யாது. ஆறு வாரம் கட்டுக்குள் அசையாமல் கிடந்ததால் அவன் கைத்தசை மெலிந்துவிட்டது. விண்வெளிக்குப் போய் மாதக்கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும் வீரர்களுக்கும் இதே தொல்லைதான். அதனால்தான் அவர்கள் அங்கே தினமும் ஏறத்தாழ 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். டாக்டர் சொன்னபடி ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிப் பழகினால் கை பழையபடி ஆகிவிடும் என்று சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது.

அவன் போன பிறகு எனக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது, அப்பாவோடு தாமிரபரணியில் குளிக்கக் குறுக்குத்துறைக்குப் போவேன். முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் சிலர் கையேந்தி அமர்ந்திருப்பார்கள். அவர்களுடைய விரல்கள் கொக்கிபோல மடங்கியிருக்கும். சிலருக்கு விரல்கள் பாதிதான் இருக்கும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் தகர டப்பாவை இடுக்கிப் பிடித்திருப்பார்கள். நான் தூரத்தில் நின்றபடியே காசை எறிந்துவிட்டு ஓடிவிடுவேன். தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழுந்துவிடும், பக்கத்தில் போனால் நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன்.

அது தவறு என்று எனக்குத் தெரிய வந்தது பல ஆண்டுகள் கழித்து, நான் ஆசிரியர் ஆன பிறகுதான். அதைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னவர் ஒரு மருத்துவர். அவர் பிறந்ததும் நம் தமிழ்நாட்டில்தான். கண்டுபிடித்ததும் நம் தமிழ்நாட்டில்தான். அவர் பெயர் பால் பிராண்ட். அவருடைய கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கொல்லிமலைச் சிறுவன்

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பஸ்ஸில் ஏறிவிடலாம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே சாலையே கிடையாது. நடந்துதான் ஏற வேண்டும். அந்த மலையில் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் கிறிஸ்தவ ஊழியம் செய்து வந்தனர். அவர்களுடைய மகனாக 1914ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் தேதி பால் பிராண்ட் பிறந்தார்.

மலைவாழ் குழந்தைகளோடு சேர்ந்து காடு மேடெல்லாம் சுற்றினான் பால். மரம் ஏறுவதில் மகா கெட்டிக்காரன். வீட்டுக்குள் உட்கார்ந்து பாடம் படிக்கவே பிடிக்காது. அம்மா என்ன செய்தார் தெரியுமா? மரக்கிளையிலேயே உட்கார்ந்து படிக்க அனுமதித்துவிட்டார். கணக்கைப் போட்டு முடித்ததும் தாளைக் கீழே போடுவான். அம்மா அதை எடுத்துத் திருத்துவார். இப்படி ஒரு பள்ளிக்கூடம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று உங்களுக்கும் தோன்றுகிறது அல்லவா?

அப்பா ஜெஸ்ஸி வீடு கட்டுவார். தச்சு வேலை செய்வார். மலை மக்களுக்கு மருத்துவமும் பார்ப்பார். அந்தக் காலத்தில் நரம்புச் சிலந்தி என்ற நோய் இருந்தது. அசுத்தமான குளத்து நீரைக் குடித்தவர்களின் உடம்புக்குள் நீளமான புழு வளரும். காலில் புண் உண்டாக்கி வெளியே தலை நீட்டும். அதைச் சிறிது சிறிதாகச் சுற்றி வெளியே எடுக்க வேண்டும். (1996க்குப் பிறகு இந்த நோய் நம் நாட்டில் இல்லை. ஆகவே பயப்பட வேண்டாம்!) அப்பா அந்தப் புண்களைக் கழுவும்போது வரும் சீழையும் இரத்தத்தையும் பார்த்துச் சிறுவன் பாலுக்குக் குமட்டிக்கொண்டு வரும். என்ன ஆனாலும் சரி, டாக்டர் மட்டும் ஆகக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டான்.

ஒருநாள் தொழுநோயாளிகள் மூன்று பேர் அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அன்று மட்டும் அப்பா கையுறை மாட்டிக்கொண்டார். அம்மா பிள்ளைகளைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டார். அப்பா அவர்களின் பாதங்களைக் கழுவிக் கட்டுப் போடுவதைப் பால் மறைந்திருந்து பார்த்தான். எதற்கும் அஞ்சாத அப்பாவே கையுறை மாட்டுகிறாரே என்ற பயம் அவன் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

கொத்தனார் ஆன பையன்

ஒன்பது வயதில், 1923ஆம் ஆண்டு, பாலும் அவனுடைய தங்கையும் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். அப்பாவும் அம்மாவும் கொல்லிமலைக்குத் திரும்பினார்கள். அப்பா வாரந்தோறும் கடிதம் எழுதுவார். மரங்களைப் பற்றி, பறவைகளைப் பற்றி, மலை மக்களைப் பற்றி எழுதுவார்.

1929ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு தந்தி வந்தது. மலேரியாவோடு தொடர்புடைய கடுமையான காய்ச்சலால் அப்பா இறந்துவிட்டார். பாலுக்கு அப்போது 15 வயதுகூட நிறையவில்லை. அந்தக் காலத்தில் கடிதங்கள் கப்பலில்தான் போகும். அதனால் அப்பா இறந்த செய்தி வந்த பிறகும், அவர் முன்பே எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. அவற்றைப் படிக்கும்போது அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பால் மருத்துவம் படிக்கவில்லை. அப்பாவைப்போல வீடு கட்டக் கற்றுக்கொள்ளப் போனார். கொத்து வேலை, தச்சு வேலை, கூரை வேய்தல் என்று சில ஆண்டுகள் கற்றார். இந்தியாவுக்குத் திரும்பி ஏழைகளுக்கு வீடு கட்டித் தர வேண்டும் என்பது அவருடைய ஆசை.

வெளிநாட்டுக்கு ஊழியம் செய்யப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் மருத்துவ அறிவும் வேண்டும் என்பதால், லண்டனில் ஓராண்டுப் பயிற்சியில் சேர்ந்தார். அப்போது ஓர் இரவு, விபத்தில் இரத்தம் இழந்து வெளுத்துப்போன பெண் ஒருவரை மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள். உயிர் போய்விட்டது என்றே பால் நினைத்தார். டாக்டர்கள் இரத்தம் ஏற்றினார்கள். சிறிது நேரத்தில் அந்தப் பெண்ணின் கன்னம் சிவந்தது, உதடு அசைந்தது, கண் திறந்தார். பால் திகைத்துப் போனார். சீழையும் இரத்தத்தையும் கண்டு அருவருத்த அவர், அதே இரத்தம் உயிர் கொடுப்பதைக் கண்டார். 1937ஆம் ஆண்டு லண்டனில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

படிக்கும்போதே இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. லண்டன் மீது குண்டுகள் விழுந்தன. கை கால் சிதைந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து செய்து, கைகளைச் சீர்படுத்துவதில் தேர்ந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆனார். உடன் படித்த மார்கரெட்டை 1943இல் மணந்துகொண்டார்.

ஒரு கைகுலுக்கல்

1946ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்ற அழைப்பு வந்தது. அழைத்தவர் ராபர்ட் காக்ரேன் என்ற புகழ்பெற்ற தொழுநோய் மருத்துவர். பால் பிராண்ட் மீண்டும் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தார்.

1947ஆம் ஆண்டு காக்ரேன் அவரைச் செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்க அழைத்துப் போனார். தோட்டத்தில் இருவரும் நடந்து போனார்கள். காக்ரேன் நோயாளிகளின் தோலைப் பற்றி விளக்கிக்கொண்டே வந்தார். பிராண்டின் கண்களோ அவர்களின் கைகளையே பார்த்தன. எங்கே பார்த்தாலும் மடங்கிய விரல்கள், சூம்பிய கைகள். இவை ஏன் இப்படி ஆகின்றன, இவற்றைச் சரிசெய்ய யாரும் முயலவில்லையா என்று கேட்டார். எலும்பு முறிவைச் சரிசெய்யும் டாக்டர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருந்தும், தொழுநோயாளிகளின் கைகளைப் பற்றி யாருமே ஆராயவில்லை என்று காக்ரேன் வருத்தத்தோடு சொன்னார்.

அப்போது ஒரு நோயாளி தரையில் உட்கார்ந்து தன் செருப்பு வாரைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தார். மடங்கிய விரல்களில் வார் பிடிபடவே இல்லை. பிராண்ட் அவர் அருகில் போனார். தன் கையை அவர் கைக்குள் கொடுத்து, முடிந்தவரை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். சூம்பிப்போன கைதானே, என்ன வலு இருக்கப் போகிறது என்று நினைத்திருந்தார். அந்த மனிதர் பிடித்த பிடியில் பிராண்டுக்கு வலி தாங்கவில்லை!

வலித்தாலும் அவருக்குள் ஒரு மகிழ்ச்சி பிறந்தது. இந்தக் கையில் எல்லாத் தசைகளும் சாகவில்லை. சில தசைகள் நல்ல வலுவோடு இருக்கின்றன. அப்படியானால் இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது!

கை ஏன் சூம்பியது?

குழந்தைகளே, இப்போது உங்கள் கையைப் பாருங்கள். கட்டை விரலை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வைத்து நன்றாக அழுத்துங்கள். இரண்டுக்கும் நடுவே, புறங்கைப் பக்கம், சின்ன மேடு போலத் தசை புடைக்கிறதா? இதுபோன்ற சிறு தசைகள் உள்ளங்கைக்குள் நிறைய உள்ளன. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் என்னும் கயிறுகள் விரல் வரை வருகின்றன. பொம்மலாட்டத்தில் மேலே இருந்து கயிற்றை இழுத்தால் பொம்மையின் கை அசையும் அல்லவா? அதுபோலத்தான்.

தசைக்குக் கட்டளை கொண்டு வருவது நரம்பு. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுர்ரென்று மின்சாரம் பாய்ந்ததுபோல இருக்கிறதே, அங்கே ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ச்சியான இடங்கள்தான் பிடிக்கும். ஆகவே முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் போன்ற இடங்களில் தோலுக்கு அடியிலேயே ஓடும் நரம்புகளைத் தாக்குகிறது. நரம்பு வீங்கிக் கெட்டுவிடுகிறது. இறந்துபோன ஒரு நோயாளியின் உடலைச் செங்கல்பட்டில் இரவெல்லாம் ஆராய்ந்து பிராண்ட் இதைக் கண்ணால் கண்டார்.

நரம்பு கெட்டால் கட்டளை வராது. கட்டளை வராத தசை உழைக்காது. உழைக்காத தசை சூம்பிவிடும். எங்கள் தெருப் பையனின் கை சூம்பியதும் உழைக்காமல் இருந்ததால்தான். ஆனால் அவனுடைய நரம்பு நன்றாக இருந்தது. தொழுநோயாளிக்கு நரம்பே கெட்டுவிட்டது. அதுதான் வித்தியாசம். அதனால் அவருக்குப் பந்தை அமுக்கிப் பயிற்சி செய்தால் மட்டும் போதாது.

உள்ளங்கையின் சிறு தசைகள் இப்படிச் சூம்பிவிடுகின்றன. முன்கையில் மேலே இருக்கும் பெரிய தசைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் கயிற்றை விட்டுவிட்டால் என்ன ஆகும்? மறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். அதேபோலப் பெரிய தசைகள் இழுத்து இழுத்து, விரல்கள் கொக்கிபோல மடங்கிவிடுகின்றன.

பிராண்ட் ஒரு வழி கண்டார். ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு கயிறுகள் உண்டு. ஒன்று போனாலும் மற்றொன்று வேலை செய்யும். ஆகவே நல்ல தசையின் கயிறு ஒன்றை எடுத்து, நான்காகப் பிரித்து, நான்கு விரல்களுக்கும் வேறு வழியாகக் கொண்டுபோய் இணைத்தார். சூம்பிப்போன சிறு தசைகளின் வேலையை இனி இந்தத் தசை பார்த்துக்கொள்ளும்! போரில் காயமடைந்தவர்களுக்கும் இளம்பிள்ளை வாதம் வந்தவர்களுக்கும் செய்யப்பட்ட இந்த முறையை, தொழுநோயாளிகளுக்கு யாரும் துணிந்து செய்ததில்லை. அவர்கள் உடம்பில் புண் ஆறாது என்றே எல்லோரும் நம்பினார்கள். 1948ஆம் ஆண்டு வேலூரில் நடந்த சிகிச்சைதான் தொழுநோயாளிக்கு உலகிலேயே முதன்முதலில் செய்யப்பட்ட கைச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சை.

முதலில் சிகிச்சை பெற்றவர்களில் ஒருவர் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த படித்த இளைஞர். பல மாதங்கள் அடுத்தடுத்து அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. புண் எல்லோருக்கும் ஆறுவதுபோல அவருக்கும் ஆறியது. கட்டுப் பிரித்த பிறகு பிசியோதெரபி பயிற்சி தொடங்கியது. இடம் மாறிய தசைக்கு மூளை புதிய வேலையைக் கற்றுத்தர வேண்டுமே! முதல் வகுப்புப் பிள்ளை அ, ஆ எழுதப் பழகுவதுபோல அவர் விரலை நீட்டவும் மடக்கவும் பழகினார். ஒருநாள் தன் கையாலேயே சோற்றை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். நமக்கு அது தினமும் செய்கிற சாதாரண வேலை. அவருக்கோ அது மறுபிறவி.

பூட்டும் சிறுவனும்

கைகள் நிமிர்ந்தன. ஆனாலும் விரல்கள் குட்டையாவது நிற்கவில்லை. காரணம் என்ன என்று பிராண்ட் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

ஒருநாள் அறை ஒன்றின் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முயன்றார். சாவி திரும்பவே இல்லை. தொழுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த சிறுவன் ஒருவன், தான் திறப்பதாகச் சொல்லி முன்வந்தான். சாவியைப் பிடித்துத் திருப்பினான். பூட்டு திறந்துகொண்டது! இந்தச் சின்னப் பையனுக்கு இவ்வளவு பலமா என்று பிராண்ட் வியந்தார். கீழே பார்த்தால் தரையில் இரத்தத் துளிகள். சாவி அவன் விரலை எலும்பு தெரியும் அளவுக்குக் கிழித்திருந்தது. பையனுக்கு அது தெரியவே இல்லை.

பிராண்டுக்கு விடை கிடைத்துவிட்டது. விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை! நரம்பு கெட்டதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள்; முள்ளின் மேல் நடக்கிறார்கள்; காயத்தோடு வேலை செய்கிறார்கள். காயம் மேல் காயம் பட்டுச் சீழ் பிடித்து, எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. அப்படித்தான் விரல் குட்டையாகிறது.

இரவில் நன்றாக இருந்த விரலில் காலையில் ஒரு துண்டு காணாமல் போன சம்பவங்களும் உண்டு. ஒளிந்திருந்து பார்த்தபோது, தூங்குகிறவரின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. வலி தெரியாததால் அவர் எழவில்லை. அன்று முதல் குணமாகி வீடு திரும்புகிறவர்களுக்குப் பிராண்ட் ஒரு புது மருந்து கொடுத்தார். என்ன மருந்து தெரியுமா? ஒரு பூனை!

அப்பா அன்று கையுறை மாட்டியதைப் பார்த்துப் பயந்த சிறுவனின் மனம் பெரியவரான பிறகும் முழுதாக ஆறிவிடவில்லை. ஒருமுறை அமெரிக்காவிலிருந்து லண்டன் திரும்பிய இரவு, விடுதி அறையில் காலுறையைக் கழற்றினார். குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று நினைத்தார். மனைவியையும் குழந்தைகளையும் பிரிய வேண்டுமே என்று இரவெல்லாம் உறங்கவில்லை. விடிந்ததும் மறுபடி ஊசியை எடுத்து ஆழமாகக் குத்தினார். சுரீர் என்று வலித்தது! ரயிலில் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததால் கால் மரத்துப் போயிருந்ததுதான் காரணம். வலித்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார் அந்த மருத்துவர். வலி நம் எதிரி அல்ல, காவல்காரன் என்று அதன்பின் வாழ்நாள் முழுதும் எழுதியும் பேசியும் வந்தார்.

வீணாகாத தச்சு வேலை

கை குணமான ஒருவர் திரும்பி வந்து குறைபட்டுக்கொண்டார். முன்பு கையைப் பார்த்து இரக்கப்பட்டுப் பிச்சையாவது போட்டார்கள். இப்போது கை நன்றாக இருப்பதால் பிச்சையும் இல்லை, தொழுநோய் வந்தவன் என்பதால் வேலையும் இல்லை, தங்க வீடும் இல்லை என்றார். பிராண்டுக்குச் சுருக்கென்றது. கையை மட்டும் நிமிர்த்தினால் போதாது, அந்த மனிதர் நிமிர்ந்து வாழ வழி செய்ய வேண்டும் என்று உணர்ந்தார்.

வேலூரில் கல்லூரி வளாகத்திலேயே எளிய மண் வீடுகளைக் கட்டி நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பை உண்டாக்கினார். அங்கே தச்சுப் பட்டறை வைத்தார். மர பொம்மைகள் செய்யக் கற்றுத் தந்தார். யார் கற்றுத் தந்தது? அவரேதான்! இளமையில் கற்ற தச்சு வேலை இத்தனை ஆண்டுகள் கழித்துக் கைகொடுத்தது. கையில் காயம் படாதபடி கருவிகளின் கைப்பிடிகளை மாற்றி அமைத்தார். தினமும் வேலை முடிந்ததும் ஒவ்வொருவரும் கை கால்களைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வலி சொல்ல வேண்டியதைக் கண் சொல்லட்டும் என்பதுதான் நோக்கம். இப்படிக் கவனமாக இருந்தவர்களின் விரல்கள் குட்டையாகவில்லை.

பாதங்களுக்கு மென்மையான ரப்பர் செருப்புகள் தயாராயின. மனைவி மார்கரெட் கண் மருத்துவர். நோயால் இமை மூட முடியாமல் பார்வை இழந்தவர்களுக்காக அவர் பாடுபட்டார். மெல்லும்போது அசையும் தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைக்கும் சிகிச்சை வேலூரில் செய்யப்பட்டது. சிகிச்சை பெற்றவர் வாயை மென்றால் கண் இமைக்கும்! எவ்வளவு விந்தை பாருங்கள்!

வேலூருக்கு அருகில் கரிகிரியில் 1955ஆம் ஆண்டு தொழுநோய் ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. பல நாடுகளிலிருந்து மருத்துவர்கள் அங்கு வந்து பிராண்டிடம் கற்றுப் போனார்கள். 1960ஆம் ஆண்டு அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது.

1966ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊரிலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகள் பலருக்கும் பாதத்தில் இதேபோல உணர்ச்சி குறைந்து ஆறாத புண் வருவதைக் கண்டார். வேலூரில் கற்றதை அவர்களுக்கும் பயன்படுத்தினார். எத்தனையோ பேருடைய கால்கள் வெட்டி எடுக்கப்படாமல் பிழைத்தன.

அவருடைய தாய் எவலின் என்ன ஆனார் தெரியுமா? முதுமையிலும் மலைகளை விட்டு வரவில்லை. 1974ஆம் ஆண்டு 95 வயதில் மறையும் வரை மலை மக்களோடுதான் வாழ்ந்தார். பால் பிராண்ட் 2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி அமெரிக்காவில் காலமானார்.

நாம் என்ன செய்யலாம்?

குழந்தைகளே, ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 30, காந்தியடிகள் நினைவு நாள், தொழுநோய் எதிர்ப்பு நாளாகவும் நடத்தப்படுகிறது. தொழுநோய் இன்று முற்றிலும் குணமாகும் நோய். 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. அரசு மருத்துவமனைகளில் அந்த மருந்து இலவசம். 2005ஆம் ஆண்டின் இறுதியில், இது இனி நாடு தழுவிய பெரும் பிரச்சினை இல்லை என்ற நிலையை இந்தியா எட்டியது. ஆனாலும் நோய் முழுதும் ஒழியவில்லை. இன்றும் ஆண்டுதோறும் நாட்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது.

உடம்பில் எங்காவது வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அங்கே தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் மறைக்காதீர்கள். அம்மா அப்பாவிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நரம்பு கெடுவதற்கு முன்பே மருந்து தொடங்கிவிட்டால் கை சூம்பாது, விரல் மடங்காது. பெரும்பாலோருடைய உடம்பில் இந்த நோயை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே இருக்கிறது. தொட்டதும் ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல இது.

இன்னொரு வேலையும் உங்களுக்குத் தருகிறேன். வீட்டில் தாத்தாவுக்கோ ஆச்சிக்கோ சர்க்கரை நோய் இருக்கிறதா? தினமும் இரவு அவர்களுடைய உள்ளங்கால்களை நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். குனிந்து பார்க்க அவர்களால் முடியாது. முள் குத்தியிருக்கலாம்; வெயிலில் கொப்புளம் வந்திருக்கலாம்; அவர்களுக்குத் தெரியாது. உங்கள் கண்தான் அவர்களுக்கு வலி!

எங்கள் தெருப் பையன் இரண்டு மாதம் விடாமல் பந்தை அமுக்கினான். போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினான். இரண்டும் ஒன்றுபோல இருந்தன. மைதானத்துக்கு ஓடிவிட்டான்.

எனக்கு மட்டும் ஒரு வருத்தம் உண்டு. குறுக்குத்துறையில் தகர டப்பாவை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதர்களின் அருகில் போய், காசைக் கையில் கொடுத்து, ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். உழைக்காத தசை மட்டும் சூம்புவதில்லை. யாரும் பேசாமல், தொடாமல் ஒதுக்கி வைத்தால் மனித மனமும் சூம்பிவிடும். அதையும் சேர்த்து நிமிர்த்தியவர் பால் பிராண்ட். நீங்கள் என்னைப்போல ஓடிவிடாதீர்கள். அருகில் போங்கள்!